எழுதி வைத்த மனோதர்மம்: நிகோலாய் கபுஸ்தின் என்ற பியானோ கலைஞர்

1964-ல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துண்டு யூடியூபில் கிடைக்கிறது. ஒலெக் லுண்ட்ஸ்ட்ரெமின் ஜாஸ் குழு பின்னால் முழங்க, பியானோ முன் உட்கார்ந்து ஓர் இளைஞர் 'டொக்காட்டா' என்ற உருப்படியை வாசிக்கிறார். விரல்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடுகின்றன. முகத்திலோ ஒரு சலனமும் கிடையாது, ஏதோ ஆபீஸில் தட்டச்சு செய்கிறவர் மாதிரி. முதல் தடவை பார்த்தபோது அந்த நிமிடத்தில் கைக்கு வந்ததை வாசிக்கிறார் என்றே நினைத்தேன். ஜாஸ் என்றால் அப்படித்தானே. அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய பியானோ பகுதியில் ஒரு ஸ்வரம்கூட அந்த நிமிடத்தில் பிறந்தது இல்லை என்று. எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதி, ஓபஸ் 8 என்று படைப்பு எண்ணும் போட்டு வைத்தது.

அந்த இளைஞர் நிகோலாய் கபுஸ்தின். 1937 நவம்பர் 22-ல் பிறந்து 2020 ஜூலை 2-ல் மாஸ்கோவில் இறந்தார். 161 ஓபஸ் எண்கள் வரை எழுதினார். அவற்றில் 20 பியானோ சொனாட்டாக்கள் (பெரிய தனி வாசிப்புப் படைப்புகள்), 6 பியானோ கான்செர்ட்டோக்கள் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை). ஆனாலும் அறுபது வயதை நெருங்கும்வரை ரஷ்யாவுக்கு வெளியே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இன்று உலகத்தின் எந்த மூலையில் பியானோ போட்டி நடந்தாலும் யாராவது ஒருவர் கபுஸ்தினை வாசிக்காமல் இருப்பதில்லை. அத்தனை காலம் அவரை யாரும் கண்டுகொள்ளாததற்கும், பிறகு அவர் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கும் ஒரே பழக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் மேடையில் கற்பனையாக வாசிப்பதை அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்.

ரஷ்ய மொழியில் 'கபுஸ்தா' என்றால் முட்டைக்கோஸ். இசையமைப்பாளர் பெயராக எடுபடக்கூடிய ஒன்று இல்லைதான். பிறந்த ஊர் ஹோர்லிவ்கா, கிழக்கு உக்ரைனின் நிலக்கரிச் சுரங்க நகரம். 2014 முதல் போர்முனைச் செய்திகளில் அடிபடும் பெயர். அவரை ரஷ்ய இசையமைப்பாளர் என்று சொல்வது வழக்கம். படித்ததும் வேலை பார்த்ததும் வாழ்நாளின் பெரும்பகுதியும் மாஸ்கோவில் என்பதால் அதில் தப்பில்லை, ஆனால் பிறப்பு உக்ரைனில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் அப்பா ராணுவத்தில் இருக்க, அம்மா, பாட்டி, அக்காவோடு கிர்கிஸ்தானின் டோக்மாக் ஊருக்கு இடம்பெயர்ந்து குழந்தைப்பருவத்தைக் கழித்தார். ஏழு வயதில் பியானோ தொட்டார். பதிமூன்று வயதில் ஒரு சொனாட்டா எழுதிவிட்டார்.

14 வயதில் மாஸ்கோவுக்கு வந்து அவ்ரேலியன் ரூபாஹ் என்பவரிடம் சேர்ந்தார். இவர் ஃபெலிக்ஸ் புளூமென்ஃபெல்டின் மாணவர். புளூமென்ஃபெல்டின் இன்னொரு மாணவர், உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் விளாதிமிர் ஹொரோவிட்ஸ். விரலின் வேகமும் ஒலியின் தெளிவும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இந்தக் குரு பரம்பரையே பதில். 1956-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) அலெக்சாந்தர் கோல்டன்வைசரிடம் மாணவரானார். கோல்டன்வைசர் அப்போது எண்பதைத் தாண்டியவர். டால்ஸ்டாயின் நெருங்கிய நண்பராக இருந்தவர், இசையமைப்பாளர் ராக்மானினோவ் இரு பியானோக்களுக்கான தன் இரண்டாவது 'ஸ்வீட்'டை (பல துண்டுகளைக் கோத்த தொகுப்பு) சமர்ப்பித்ததும் இவருக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டே நேரில் வந்து உட்கார்ந்து பாடம் நடத்துவது போல இருந்திருக்கும். கபுஸ்தின் பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசும்போது, வாசிப்பில் தனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் ரூபாஹ் என்றுதான் சொன்னார்.

பகலில் கோல்டன்வைசர், ராத்திரியில் ஜாஸ். மாணவனாக இருந்தபோதே சொந்தமாக ஐந்து பேர் குழு வைத்து மாஸ்கோ உணவகம் ஒன்றில் வாசித்து வந்தார். சோவியத் ஒன்றியத்தில் ஜாஸுக்கு என்ன மரியாதை இருந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த இரட்டை வாழ்க்கையின் விசித்திரம் புரியாது.

ஜாஸ் அங்கே ஒரேயடியாகத் தடை செய்யப்பட்ட இசை இல்லை. அது ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கிய விஷயம். 1922-லேயே மாஸ்கோவில் முதல் ஜாஸ் கச்சேரி நடந்தது. 1928-ல் மாக்சிம் கார்க்கி அதைக் கொழுத்தவர்களின் இசை என்று கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் வசை பாடினார். 1930-களில் லியோனித் உத்யோசவ் ஜாஸ் குழுவோடு சினிமாவிலேயே நடித்துப் பெரிய நட்சத்திரமானார். போருக்குப் பிறகு காற்று மறுபடி திசை மாறியது. 1948-ல் கட்சி ஷோஸ்டகோவிச், புரோகோஃபியவ் போன்ற இசையமைப்பாளர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்ட அதே சூட்டில், ஜாஸ் என்ற சொல்லையே குழுக்களின் பெயரிலிருந்து உருவ ஆரம்பித்தார்கள். சாக்ஸபோன் வாசிப்பவர்களின் கருவிகளைப் பறித்த நாட்கள் அவை. அந்தக் காலத்தை ரஷ்யர்கள் 'சாக்ஸபோன்களை நிமிர்த்திய காலம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். 'இன்று ஜாஸ் வாசிப்பவன் நாளை தாய்நாட்டை விற்பான்' என்ற ஒரு வாசகமும் உலவியது. மருத்துவமனைகள் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களில் அமெரிக்கப் பாட்டுகளைப் பதித்துக் கள்ளத்தனமாக விற்றார்கள், விலா எலும்புகளுக்கு நடுவே இசை சுழன்றது.

ஸ்டாலின் 1953-ல் இறந்தபின் பிடி தளர்ந்தது. 1955-லிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி வந்தது. சோவியத் ஜாஸ்காரர்களில் ஒரு முழுத் தலைமுறை அந்தக் குரலில்தான் பாடம் படித்தது. பதின்வயது கபுஸ்தினுக்கும் இந்த இசை வந்து சேர்ந்தது இப்படி வானொலி வழியாகவும் கைமாறிய தட்டுகள் வழியாகவும்தான். ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனை எல்லோருக்கும் மேலே வைத்தார்.

1957-ல் மாஸ்கோவில் உலக இளைஞர் மற்றும் மாணவர் விழா நடந்தது. வெளிநாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள், அவர்களுக்குக் காட்டவாவது ஒரு நல்ல ஜாஸ் குழு வேண்டியிருந்தது. யூரி சவுல்ஸ்கி திரட்டிய குழுவோடு கபுஸ்தின் தன் கான்செர்ட்டினோவை (சிறிய கான்செர்ட்டோ) வாசித்தார். அதுதான் ஓபஸ் 1. விழா முடிந்த கையோடு பத்திரிகையில் அந்தக் குழுவைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது, குழு கலைந்தது. காட்டி முடித்தாயிற்று, இனி எதற்கு என்ற கணக்கு.

1961-ல் பட்டம் வாங்கினார். கோல்டன்வைசரின் மாணவருக்கு இயல்பான பாதை தனிக் கச்சேரிகளும் சர்வதேசப் போட்டிகளும்தான். அவர் போனதோ லுண்ட்ஸ்ட்ரெமின் குழுவுக்கு. அதுவே தனிக் கதை. சீனாவின் ஹார்பின் நகரில் ரஷ்யக் குடும்பங்களின் பிள்ளைகள் 1934-ல் தொடங்கிய குழு அது. ஷாங்காயின் நடன அரங்குகளில் பெயர் வாங்கி, 1947-ல் நாடு திரும்பி, கசானில் சில வருஷம் ஒதுங்கிக் கிடந்து, 1956-ல் தலைநகருக்கு வந்தது. இந்தக் குழுவோடு 11 வருஷம் கபுஸ்தின் ஊர் ஊராகச் சுற்றினார். பியானோவும் வாசித்தார், குழுவுக்காக எழுதவும் செய்தார். எழுதியது திங்களன்று என்றால் வாரக்கடைசிக்குள் கேட்டுப் பார்த்துவிடலாம். எந்தக் கன்சர்வேட்டரியும் தர முடியாத வசதி இது. பிறகு 1972 முதல் தொலைக்காட்சியோடு தொடர்புள்ள 'நீலத்திரை' இசைக்குழு, 1977 முதல் 1984 வரை திரைப்படத் துறையின் அரசு சிம்பொனி இசைக்குழு. கவனித்தால் எல்லாமே மாதச் சம்பள வேலைகள்தான்.

அதே காலத்தில் ஷ்னிட்கே, குபைதுலினா, தெனிசவ் போன்ற நவீன இசையமைப்பாளர்கள் அதிகாரத்தோடு மோதிக்கொண்டிருந்தார்கள். 1979-ல் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் ஏழு பேரைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்கள், குபைதுலினாவும் தெனிசவும் அதில் உண்டு. அடுத்த வருஷம் அதே சங்கம் கபுஸ்தினை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது! 1980-ல் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி அரங்கில் தன் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அவர் வாசித்ததும் அந்த ஆண்டில்தான். தனக்கு யாரும் தொல்லை கொடுத்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எப்படி இது? அவர் இசை அதிகாரிகளின் எந்த அறையிலும் அடங்கவில்லை. செவ்வியல் பிரிவைக் கண்காணித்தவர்களுக்கு அது மெல்லிசை. மெல்லிசையைக் கண்காணித்தவர்கள் பார்த்தால் சொனாட்டா, ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் வடிவம்) என்று கண்ணியமான தலைப்புகள். ஸ்வரம் ஸ்வரமாக எழுதிய தாள் கையில் இருக்கிறது. மேடையில் ஒருவன் திடீரென்று என்ன செய்வானோ என்ற பயத்துக்கே அங்கே இடமில்லை.

இந்தப் பாதுகாப்புதான் அவருக்குப் பூட்டாகவும் ஆனது. மேற்கு நாடுகளின் இசை ரசிகர்கள் சோவியத் ஒன்றியத்தில் தேடியது ஒடுக்கப்பட்ட நவீனர்களை. இனிமையான ஹார்மனியும் துள்ளும் தாளமுமாக எழுதிய சம்பளக்காரர் ஒருவரை யார் தேடுவார்கள்? ஜாஸ் உலகத்துக்கும் அவர் வேண்டாதவர்தான். சொந்தமாகக் கற்பனை செய்யாதவனை ஜாஸ்காரன் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நம் ஊர்க் கச்சேரியை நினைத்தால் இது சட்டென்று விளங்கும். கல்பனாஸ்வரத்தை வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்து பாடினால் முதல் வரிசை மாமா என்ன சொல்வார்? கபுஸ்தின் இந்தக் குற்றச்சாட்டை மறுக்கவே இல்லை. 2000 வாக்கில் கொடுத்த ஒரு பேட்டியில், தான் ஒருபோதும் ஜாஸ்காரன் இல்லை, கற்பனையாக வாசிப்பதில் ஆர்வமும் இல்லை, எழுதும்போது அந்தக் கற்பனைகள் இன்னும் மெருகேறுகின்றன என்ற பொருளில் சொன்னார்.

மெருகேறுகிறது என்றால் என்ன? ஜாஸில் பொதுவாக 32 பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு மெட்டு இருக்கும். அதன் ஹார்மனி சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் வாசிப்பவர் புதிதாக ஏதாவது நெய்வார். வட்டமான பயணம் அது. சொனாட்டாவின் பயணம் வேறு. இரண்டு கருப்பொருள்களை அறிமுகப்படுத்தி, உடைத்து, கலந்து, வெளியூர் சுருதிகளில் அலைய விட்டு, கடைசியில் இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அந்த நிமிடத்தில் வாசிப்பவரால் சுற்றை நிரப்ப முடியும். பத்து நிமிடத்துக்கு அப்புறம் வரப்போகும் ஒரு திருப்பத்துக்கு இப்போதே விதை போடுவது கஷ்டம். கபுஸ்தின் ஜாஸின் பேச்சு வழக்கை எடுத்து சொனாட்டாவின் இலக்கணத்தில் எழுதினார். இடது கையில் நடக்கும் பாஸ் (கீழ்ஸ்வர வரி), தாவும் ஸ்டிரைட், பூகி-வூகி போன்ற ஜாஸ் பியானோ பாணிகள், வலது கையில் பீட்டர்சன் பாணி ஓட்டங்கள் எல்லாம் உண்டு. உள்ளே எலும்புக்கூடு பாக், ஷோபின், ஸ்க்ரியாபின் வீட்டுச் சொத்து.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 1977-ல் எழுதிய 'பழைய பாணி ஸ்வீட்'டில் (ஓபஸ் 28) தொடங்கலாம். அல்மாண்ட், கவோட், சரபாண்ட், பூரே, ஜீக் என்று பாக் காலத்து நடனங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஜாஸ் உடை போட்டிருக்கிறார். சரபாண்டில் பாக் காலத்து நிதானம் மாறாமலே ப்ளூஸ் வாசனை அடிக்கும். 1984-ல் வந்த எட்டு கச்சேரி எட்யூட்கள் (விரல் பயிற்சித் துண்டுகள், ஓபஸ் 40) இன்னும் பிரபலம். மூன்றாவது எட்யூடான 'டொக்காட்டினா'வில் ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றித் தட்டும் இடத்தில் நமக்கே கை வலிக்கும். அதே வருஷத்து வேரியேஷன்ஸ் (ஒரு மெட்டின் மாறுபாடுகள், ஓபஸ் 41) ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' தொடங்கும் பாஸூன் குழல் மெட்டை நினைவூட்டியபடி ஆரம்பித்து, சாவகாசமாக ஜாஸின் ஆட்டமான ஸ்விங்குக்குள் நழுவும். 1988-ன் 24 பிரெலூடுகள் (சிறு துண்டுகள், ஓபஸ் 53) ஷோபின் போட்ட சுருதி வரிசையிலேயே நடப்பவை. 1997-ல் 24 பிரெலூடுகளும் ஃபியூக்குகளும் (ஓபஸ் 82) எழுதி பாக்கும் ஷோஸ்டகோவிச்சும் நடந்த பாதையிலும் போய் வந்தார்.

அதே பாதையில் அவருக்கு முன்பே போன இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர்-பியானோ கலைஞர் ரோதியோன் ஷெத்ரின். 1932-ல் பிறந்து 2025-ல் இறந்தவர், ரஷ்யக் குடியரசின் இசையமைப்பாளர் சங்கத்துக்கே பல ஆண்டுகள் தலைவர். ஷெத்ரினும் ஜாஸைத் தொட்டார். 1966-ல் எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியில் திடீரென்று ஒரு ஜாஸ் குழு உள்ளே நுழைவது போல இருக்கும், சிரிப்பு வரும், போய்விடும். ஷெத்ரின் வீட்டில் ஜாஸ் விருந்தாளி. கபுஸ்தினுக்கு அது வீட்டுப் பேச்சு. மேடையில் ஜொலித்தவர் ஷெத்ரின் என்பதையும் சொல்ல வேண்டும். கபுஸ்தினுக்கு மேடை அவ்வளவாகப் பிடித்ததில்லை.

1984-ல் சம்பள வேலையை விட்டார். அதன் விளைவை ஓபஸ் எண்களிலேயே பார்க்கலாம். 1957-லிருந்து 1984 வரை 27 வருஷத்தில் சுமார் 40 எண்கள். அதன் பிறகு 36 வருஷத்தில் சுமார் 120. நாற்பதுகளின் பின்பாதியில்தான் அவர் முழு வேகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார். மேடையேறுவதைக் குறைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மட்டும் போனார். அவருடைய சொந்தப் பதிவுகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். குழைவு, இழுப்பு ஒன்றும் இல்லாமல், டிரம்ஸ் வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல நேராக ஓட்டுகிறார். செவ்வியல் பயிற்சி பெற்ற பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஸ்விங் என்பது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களின் நீளத்திலும் அழுத்தத்திலும் உள்ள சின்னஞ்சிறு ஏற்றத்தாழ்வு. தாளில் அழுத்தக்குறி போடலாம், அந்த ஆட்டத்தை எழுத முடியாது. ஷோபினை வாசிப்பது போல உணர்ச்சியோடு இழுத்து வாசித்தால் கபுஸ்தின் ஹோட்டல் வரவேற்பறை இசையாகிவிடுகிறார்.

வெளியுலகுக்கு அவரைக் கொண்டுபோனவர்கள் பியானோ கலைஞர்களே. ரஷ்யாவில் நிகோலாய் பெத்ரவ் முன்னதாகவே கையில் எடுத்தார். ஸ்காட்லாந்தின் ஸ்டீவன் ஆஸ்போர்ன் 2000 வாக்கில் ஹைப்பீரியன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இரண்டு சொனாட்டாக்களையும் சில பிரெலூடுகளையும் பதிவு செய்தார். 2004-ல் கனடாவின் மார்க்-ஆந்த்ரே ஹாம்லனின் தட்டு அதே நிறுவனத்திலிருந்து வந்தது. ஜப்பானில் அதற்குள் தனி ரசிகர் கூட்டமே உருவாகிவிட்டது. ட்ரைடன் என்ற நிறுவனம் அவரையே வாசிக்க வைத்து வெளியிட்டது, ஸென்-ஆன் இசைத்தாள்களை அச்சிட்டது. பிற்பாடு ஜெர்மனியின் ஷாட் பதிப்பகம் அவர் படைப்புகளை வெளியிட ஆரம்பித்தது. யூஜா வாங் போன்றவர்கள் கச்சேரி முடிவில் கூடுதலாக ஒரு கபுஸ்தின் துண்டை வாசித்து அரங்கைக் கிளப்பிவிடுவது பழக்கமாயிற்று.

இதில் யூடியூபின் பங்கும் சின்னதில்லை. இசை ஓட ஓட அதன் இசைத்தாளும் திரையில் நகரும் வீடியோக்கள் இருக்கின்றன அல்லவா? கபுஸ்தினுக்கென்றே செய்த வடிவம் போல அது. காதில் கேட்பது சுதந்திரக் கற்பனை, கண்ணில் படுவது எறும்பு ஊர்ந்தது போல நெருக்கமாக எழுதிய தாள். அந்த முரணைப் பார்த்துத்தான் பலர் சிக்கிக்கொண்டார்கள், நானும் அதில் ஒருவன். அப்புறம் ஒரு நடைமுறைக் காரணம். பாக்கிலும் பேத்தோவனிலும் வளர்ந்த ஒரு மாணவிக்கு ஜாஸ் ஆசை வந்தால், கற்பனையாக வாசிக்கப் பல வருஷம் தனியாகப் பழக வேண்டும். கபுஸ்தினின் தாள் கையில் இருந்தால் அது தேவையில்லை, படித்து வாசிக்கத் தெரிந்தால் போதும். முன்பு எந்தத் தாள் அவரை ஜாஸ்காரர்களிடமிருந்து பிரித்ததோ, அதுவே இப்போது கன்சர்வேட்டரிகளுக்குள் அனுமதிச் சீட்டாகிவிட்டது.

எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பிற்காலச் சொனாட்டாக்கள் சிலவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் எது எங்கே முடிந்தது என்றே தெரியாத அளவுக்கு நெரிசல். மூச்சு விடவே இடம் கொடுக்காமல் ஸ்வரங்களைக் கொட்டுகிறார். ஜாஸில் மௌனத்துக்கு உள்ள வேலை இவர் இசையில் குறைவு. எதிரே சக வாத்தியக்காரர் இல்லை, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை, அதனால் இருக்கலாம். என் கணக்கில் 1977 முதல் 1989 வரை எழுதியவைதான் உச்சம், 1989-ன் இரண்டாவது சொனாட்டா (ஓபஸ் 54) அதற்கும் மேலே. பெரிய நான்கு பகுதிக் கட்டடம் அது, கடைசிப் பகுதி நிற்காத ஓட்டம்.

அவர் மகன் அன்டன் கபுஸ்தின் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர். அப்பாவின் ஃபியூக்குகளைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். ஜெர்மன் பியானோ கலைஞர் ஃப்ராங்க் துப்ரே சில வருஷங்களாகக் கபுஸ்தினின் கான்செர்ட்டோக்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறார். 2022-ல் அவர் வேறொன்றும் செய்து பார்த்தார். பியானோவுக்கு மட்டும் எழுதிய துண்டுகளை எடுத்து, பக்கத்தில் ஒரு டபுள் பாஸும் டிரம்ஸும் சேர்த்து மூவர் குழுவாக வாசித்தார். கபுஸ்தின் தன் இடது கைக்குள் அடைத்து வைத்திருந்த பாஸ்காரரும் டிரம்ஸ்காரரும் வெளியே வந்து ஆளுக்கொரு இருக்கை போட்டுக்கொண்டது போல இருக்கிறது அது. அந்த இரண்டு பேருக்கும் கபுஸ்தின் எழுதிய தாள் கிடையாது.